பூதலூரைத் தாண்டிய இடுப்பு

இன்னாசிக்கு இடுப்பு வலித்தது. இடுப்பு அவனுடையதுதான், வலிதான் அவனுடையது இல்லை. அது உறையூர் தாயுமானவனுக்குச் சொந்தம். முப்பத்தொன்பது வயது வரை அவர் அதை ஒற்றை ஆளாக வைத்துப் பராமரித்து வந்தார். இந்த இரண்டு வருடமாக இன்னாசிக்கும் அதில் பங்கு உண்டு.

பங்கு போட்டுக் கொடுத்தது அரசாங்கம்.

தாயுமானவனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கால்கள் இரண்டும் அவர் பேச்சைக் கேட்காது. இடது கை நல்ல நேரம் பார்த்துக் கேட்கும். நாக்கு கேட்கும், ஆனால் மெதுவாக. ஒவ்வொரு வார்த்தையும் காந்தி மார்க்கெட் நெரிசலில் மாட்டிய ஆட்டோ மாதிரி நின்று நின்று வந்து சேரும். வந்து சேர்ந்ததும் எதிராளியை இடித்துவிட்டுத்தான் நிற்கும். மோட்டார் பம்பு, மிக்சி, வாட்டர் ஹீட்டர் கம்பெனிகளின் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது அவர் தொழில். தமிழ்நாட்டில் அதிகப் பிரதிகள் அச்சாகி ஒருவர்கூடப் படிக்காத எழுத்தாளர் தான்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவரைப் போல வயது வந்த மாற்றுத்திறனாளிகளுக்கு (துறையின் சுவரொட்டியில் மட்டும் இவர்கள் இன்னும் கையில் பலூன் வைத்திருப்பார்கள்) வீட்டோடு இருந்து உதவத் துணையாளர்களை நியமித்தபோது ஏகப்பட்ட புகார் வந்தது. துணையாளர்களுக்குச் சொன்னது புரிவதில்லை, பசிக்கிறது என்றால் போர்வையை எடுத்து வருகிறார்கள் என்று. ஒரு குழு உட்கார்ந்தது. சொன்னால்தானே புரியாமல் போகிறது, சொல்லாமலே புரிந்துவிட்டால் என்ன என்று குழுவில் ஒருவருக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் காப்பு.

காப்பு ஜோடியாக வரும். பயனாளி கையில் போடுவது அனுப்பும் காப்பு. துணையாளர் கையில் போடுவது வாங்கும் காப்பு. அவருக்குப் பசித்தால் இவனுக்குப் பசிக்கும். அவருக்கு முதுகு அரித்தால் இவனுக்கு அரிக்கும். கூடவே அந்தக் கணக்கு அலுவலகத்துத் திரைக்கும் போய்விடும். மகிழ்ச்சியையும் அனுப்பலாமே என்று குழுவில் யாரோ கேட்டார்களாம். மகிழ்ச்சியாக இருப்பவருக்குத் துணையாளர் எதற்கு என்று இன்னொருவர் கேட்டாராம். அத்தோடு கூட்டம் முடிந்து முந்திரி பக்கோடா வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

விளைவு உடனே தெரிந்தது. பயனாளிக்கு வலி கூடினால் துணையாளருக்கு மெமோ. மெமோ வராவிட்டாலும் வலி வரும். ஆகவே ஊரெங்கும் துணையாளர்கள் பயனாளிகளை மெத்தையில் சாய்த்து, ஏசியைப் போட்டு, காரமில்லாத கஞ்சியைக் கொடுத்து அசையாமல் பார்த்துக்கொண்டார்கள். துறையின் வலி வரைபடம் படுத்துவிட்டது. பயனாளிகளும் படுத்துவிட்டார்கள். திட்டத்துக்கு விருது கிடைத்தது.

இன்னாசி கெட்டவன் இல்லை. இருபத்தொன்பது வயது, தோள் அகலம், ஆளை நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்கி வைத்தால் தலையணைக்கே தெரியாது. ஆனால் அவனும் மனிதன்தானே. தாயுமானவன் மிளகாய் பஜ்ஜியில் இரண்டாவது கடி கடிப்பதற்குள் பிடுங்கிவிடுவான்.

"நான் திங்கிற பஜ்ஜிக்கு உனக்கு ஏன்டா கண்ணுல தண்ணி?"

"எரியுதுல்லண்ணே."

"எரியுறதுக்குத்தான்டா பஜ்ஜி!"

ஒரு நாள் கிரிக்கெட். கடைசி ஓவர், ஆறு பந்துக்கு ஒன்பது ரன். தாயுமானவனுக்கு ஒன்றுக்கு முட்டுகிறது. அந்த நேரத்தில் எந்த ஆம்பளையும் எழுந்து போகமாட்டான். இன்னாசி எழுந்து போனான். தனியாகப் போய்ப் பிரயோஜனம் இல்லை என்பதால் அவரையும் தள்ளிக்கொண்டு போனான். கக்கூசில் உட்கார்ந்தபடி தெரு முழுக்கக் கேட்ட கூச்சலை வைத்து யார் ஜெயித்தது என்று ஊகித்ததாகத் தாயுமானவன் இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டுவார்.

பஜ்ஜி போகட்டும், கிரிக்கெட் போகட்டும். தஞ்சாவூரைத்தான் அவரால் விட முடியவில்லை.

தஞ்சாவூரில் மங்கையர்க்கரசி இருந்தாள். வயது முப்பத்தெட்டு. பார்வை கிடையாது. ஒரு வங்கியின் தொலைபேசி விசாரணைப் பிரிவில் வேலை. புதிதாக வாங்கிய மிக்சியின் கையேட்டை அவள் போன் வாசித்துக் காட்டியபோது, மூடியைப் பூட்டும் முன்பே பொத்தானை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். சமையலறைச் சுவரெல்லாம் தேங்காய்ச் சட்னி. கம்பெனிக்குப் போன் போட்டுக் கிழித்தாள். கம்பெனி தாயுமானவனின் நம்பரைக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டது. தன் எழுத்தை ஒருத்தி கடைசி வரி வரை படித்திருக்கிறாள் என்று அறிந்த தாயுமானவன் அந்த நிமிடமே விழுந்தார்.

அவள் இரண்டு முறை உறையூர் வந்து போனாள். மூன்றாவது முறை வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"கண்ணு தெரியாம ரெண்டு பஸ்ஸு மாறி நான் வந்தேன்ல? இப்ப உங்க முறை. வாசப்படி தாண்டாத மாப்பிள்ளைய நான் கட்டிக்கிறதா இல்லை" என்று போனிலேயே தெளிவாகச் சொன்னாள்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் பாசஞ்சர் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். அந்த ஒன்றேகால் மணி நேரத்தைத்தான் தாயுமானவனால் ஒரு தடவைகூட முடிக்க முடியவில்லை. மரப்பலகை மாதிரி இருக்கையில் உட்கார்ந்து வண்டி ஆட ஆட, அவர் இடுப்புத் தசை முறுக்கும். முறுக்கினால் இன்னாசிக்கும் முறுக்கும். முதல் தடவை திருவெறும்பூரில் இறக்கிவிட்டான். அடுத்து சோளகம்பட்டி. அதற்கடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு பூதலூர் வரை வந்து, அங்கே பெஞ்சில் மல்லாந்து படுத்துவிட்டான். படுத்தது இன்னாசி. பயனாளி நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார். காரில் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: காரில் போனபோது துவாக்குடியைத் தாண்டவில்லை.

"என் வலிடா! எனக்கு இது பழகுன வலி. அத வெச்சிக்கிட்டு எதுவரைக்கும் போறதுன்னு எனக்குத் தெரியாதா?"

"எனக்குப் பழகலையேண்ணே."

"அப்ப நீ போகாத. என்னைய மட்டும் ஏத்தி விடு."

"தனியா விட்டா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது, ஏனென்றால் இரண்டு பேர் சொன்னதும் சரி. போன வாரம் அரசி கடைசியாக ஒன்று சொன்னாள்: "இந்த ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு நான் தஞ்சாவூர் ஸ்டேஷன்ல இருப்பேன். நீங்க வரலைன்னா அதையே பதிலா எடுத்துக்கறேன். கோவமெல்லாம் இல்லை. வேற வேலை இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போலக் குளியல் நேரத்தில் இரண்டு காப்பையும் கழற்றி, வாஷிங் மெஷின் மேல் இருக்கும் சார்ஜ் தட்டில் வைத்தான் இன்னாசி. இடது பள்ளம் அவருக்கு, வலது பள்ளம் இவனுக்கு. டெண்டரில் குறைந்த விலை சொன்னவர் செய்த காப்புகள் என்பதால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே போல இருக்கும். உள்பக்கம் கடுகளவு ஓர் அம்புக்குறி மட்டும் வெளியே பார்க்கும் அல்லது உள்ளே பார்க்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. இடது, வலது என்பதே வேதம்.

அன்று பார்த்துக் குளியலறைப் பிளக்கில் மின்சாரம் இல்லை. தட்டை எடுத்துக் கூடத்துக்குக் கொண்டுபோய் டிவிக்குப் பின்னால் இருந்த பிளக்கில் மாட்டினான். வயர் எட்டவில்லை, தட்டைத் திருப்பி வைத்தால் எட்டியது. பிறகு தலை துவட்டி, சட்டை மாட்டி, "அந்த நீலச் சட்டை இல்லடா, அதுல நான் பயனாளி மாதிரி இருப்பேன்" என்று கழற்றச் சொல்லி, வேறு மாட்டி, ஆறு இட்லி ஊட்டி, ஆட்டோ வந்து ஹாரன் அடிக்க, இடது பள்ளத்தில் இருந்ததை அவர் கையிலும் வலது பள்ளத்தில் இருந்ததைத் தன் கையிலும் மாட்டிக்கொண்டு ஓடினான். தான் சாப்பிடவில்லை என்பது ஆட்டோவில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. இதுவும் வழக்கம்தான்.

மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் மாற்றுத்திறனாளிகளைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். மூன்று கல்லூரி மாணவர்கள், ஒரு சீட்டுக் கச்சேரி, மூட்டை மூட்டையாகக் கறிவேப்பிலை, வாழைப்பழக் கூடையோடு ஒரு அம்மா. நாற்காலியைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள்; கொடுத்த கையோடு தாயுமானவனைப் பார்த்து "ச்சு" கொட்டினார்கள். "டிக்கெட்ல ச்சுக்குத் தனி சார்ஜ் இல்லியே?" என்றார் அவர். ஜன்னலோரம் தூக்கி உட்கார வைத்து, நாற்காலியை மடித்துக் கதவோரம் சாத்தினான் இன்னாசி.

வண்டி கிளம்பியது. இன்னாசி கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வலிக்காகக் காத்திருந்தான்.

பொன்மலை போனது. ஒன்றும் வரவில்லை. திருவெறும்பூரும் போனது. இடுப்பு பஞ்சு மாதிரி இருந்தது. இன்னாசிக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிரில் இருந்த மாணவனிடம் ஊர், படிப்பு எல்லாம் விசாரித்தான். ஜன்னலுக்கு வெளியே வயல் இருப்பதை இந்த வழியில் முதல் தடவையாகப் பார்த்தான்.

"அண்ணே, இன்னைக்கு உங்க இடுப்பு சூப்பரா இருக்கு."

"ம்" என்றார் தாயுமானவன். வலது கையால் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தார். முகம் ஒரு தினுசாக இருந்தது. மாப்பிள்ளை டென்ஷன் என்று இன்னாசி விட்டுவிட்டான்.

சோளகம்பட்டி தாண்டியதும் போன் அடித்தது. அலுவலகத்துக் கண்காணிப்பாளர் சுபத்ரா மேடம். ஞாயிற்றுக்கிழமையும் திரையைப் பார்க்கிற பிறவி.

"இன்னாசி, என்ன பண்ணிட்டு இருக்கீங்க? பயனாளி காலைலேர்ந்து பட்டினி. ஸ்கிரீன்ல வயிறு செக்கச்செவேல்னு எரியுது!"

"மேடம், ஆறு இட்லி சாப்பிட்டாரு மேடம்."

"எனக்குக் கதை சொல்லாதீங்க. பல்லு வேற. கீழ்க் கடவாய்ப்பல், சொத்தை. இப்படி ஒரு பல்லை எப்படிக் கவனிக்காம விட்டீங்க? குதிகால் ரெண்டும் வெடிச்சு வலிக்குது. நாள் முழுக்க நிக்க வெச்சீங்களா அவரை?"

"அவரு எப்படி மேடம் நிப்பாரு?"

"அதத்தான் நானும் கேக்குறேன்! பாவம்ப்பா அந்த மனுஷன். எத்தனை மாசமா இப்படி இருக்காரோ. நாளைக்குக் காலைல வண்டி அனுப்பறேன், மொதல்ல பல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. செலவு ஆபீஸ் பாத்துக்கும். அவருக்கு நல்ல செருப்பு ஒண்ணு வாங்கணும். இப்ப உடனே ஏதாவது சாப்பிடக் குடுங்க." போனை வைத்துவிட்டாள்.

இன்னாசி போனையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தாயுமானவனைப் பார்த்தான்.

"அண்ணே, பசிக்குதா?"

"கொலைப் பசி."

"பல்லு வலிக்குதா?"

"உயிர் போவுது. ஆனா நீ ஒண்ணு யோசிக்கணும். இந்தப் பல்லை எனக்குப் போன வருஷமே புடுங்கியாச்சு. நீதான் கூட்டிட்டுப் போன."

இன்னாசி தன் காப்பைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தான். கடுகளவு அம்பு வெளியே பார்த்தது. அனுப்பும் காப்பு. இரண்டு வருடத்தில் துறை அவனைப் பற்றி முதல் தடவையாகக் கவலைப்பட்டிருந்தது. ஆள் பெயரில்தான் சின்னக் குழப்பம்.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுச்சு?"

"பொன்மலைலயே."

"சொல்லலாம்லண்ணே!"

"சொன்னா மாத்திக்குவ. மாத்துனா அடுத்த ஸ்டேஷன்ல எறக்கிடுவ."

இறக்கித்தான் இருப்பான் இன்னாசி. தன் காப்பை மறுபடி கையில் மாட்டிக்கொண்டான். எதற்கும் இருக்கட்டும் என்று, அதிலிருந்த அம்பையும் பார்க்க அவர் காப்புக்குக் கை நீட்டினான். தாயுமானவன் கையைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார். "தொட்ட, கடிச்சிருவேன். உன் பல்லாலயே கடிப்பேன்."

பூதலூரில் வண்டி நின்றது. பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுத்தான் கிளம்பும் என்று சீட்டு ஆடியவர்கள் பேசிக்கொண்டார்கள். பிளாட்பாரத்தின் அந்தக் கடைசியில் ஒரு டீக்கடை தெரிந்தது.

"இன்னாசி, எறங்கு."

"என்னண்ணே?"

"எறங்கிப் போய் எதையாவது தின்னுட்டு வா. வயிறு இழுத்துப் புடிக்குது."

"தஞ்சாவூர்ல சாப்பிட்டுக்கறேண்ணே."

"என்னால தஞ்சாவூர் வரைக்கும் தாங்க முடியாது."

"கடை அந்தக் கோடில இருக்கு. போயிட்டு வர்றதுக்குள்ள வண்டி கெளம்பிடும்."

"அப்ப என்னையும் எறக்கு. ரெண்டு பேருமே போவோம். அடுத்த வண்டில போய்க்கலாம்."

"அடுத்த வண்டி சாயங்காலம்தான். அரசியக்கா பதினோரு மணிக்கு..."

"அரசி இருக்கட்டும்டா, மொதல்ல நீ தின்னு! வயித்த இப்படியா போட்டு வெப்பான் ஒரு மனுஷன்? பல்லப் புடுங்க மாட்டியா? கால்ல ஒரு நல்ல செருப்பு வாங்கிப் போட மாட்டியா? அறிவு வேணாம்?"

இன்னாசிக்குச் சுர்ரென்று ஏறியது. "என் வயிறுண்ணே! என் பசி! இத வெச்சிக்கிட்டு எதுவரைக்கும் போறதுன்னு எனக்குத் தெரியாதா? எனக்காக நீங்க எதுக்கு எறங்கணும்னு..."

வாக்கியம் பாதியில் நின்றது. சொல்லிக்கொண்டிருந்தவனுக்கே அது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

தாயுமானவன் தொடைக்கு அடியிலிருந்த கையை வெளியே எடுத்தார்.

"அடப்பாவி" என்றார். "ஒரு மணி நேரம்கூட ஆகல. அதுக்குள்ள நான் நீயாயிட்டேன்."

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ ரெண்டு வருஷமா இதத்தான் கட்டிக்கிட்டு அழுவுறியா?"

"ஆமாண்ணே."

"நான் உன்னைக் கோழைன்னு அரசிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"தெரியும்ணே. ஸ்பீக்கர்லதானே பேசுவீங்க."

வாழைப்பழக் கூடைக்கார அம்மா அதுவரை கேட்டுக்கொண்டே இருந்தவள், பொறுமை இழந்துவிட்டாள். "ஏம்ப்பா, கட்டிக்கிட்டவங்க தோத்துப் போவாங்க போல, அப்படி அடிச்சிக்கிறீங்க. இந்தா, ஆளுக்கு ரெண்டு பழம். வாய மூடிக்கிட்டுத் தின்னுங்க." காசு வாங்கமாட்டேன் என்றாள்.

இன்னாசி தின்றான். இரண்டாவது பழத்தில் தாயுமானவன் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார். எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்துபோனது. வண்டி அசைந்தது. பூதலூர் பெயர்ப்பலகை மெல்லப் பின்னால் போனது. அந்தப் பலகையின் மறுபக்கத்தை இரண்டு பேரும் அன்றுதான் பார்த்தார்கள். மறுபக்கத்திலும் பூதலூர் என்றுதான் எழுதியிருந்தது. தாயுமானவன் அதை மலைக்கோட்டையிலிருந்து ஊரைப் பார்க்கிறவர் மாதிரி கண் கொட்டாமல் பார்த்தார்.

அதன் பிறகுதான் இன்னாசிக்கு இன்னொன்று உறைத்தது. இத்தனை நேரமும் அவர் இடுப்பு வலித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். தண்டவாளம் அதே தண்டவாளம், இருக்கை அதே இருக்கை. எவ்வளவு வலிக்கிறது என்று தன் உடம்பைக் கேட்டுப் பார்த்தான். உடம்பு தனக்குச் சம்பந்தமில்லை என்றது. வேறு வழியில்லாமல் ஆளைப் பார்த்தான். வலது கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கால் கட்டைவிரல் உள்நோக்கி மடங்கியிருந்தது. இதெல்லாம் எப்போதும் இப்படித்தான் இருக்குமா? இரண்டு வருடம் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டியவனுக்குத் தெரியவில்லை. பார்க்கத் தேவை வந்ததில்லை.

"வலிக்குதாண்ணே?"

"இல்ல" என்றார் தாயுமானவன்.

காப்பு வந்த நாளிலிருந்து அவர் தன் உடம்பைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அது. முன்பெல்லாம் சொல்ல வசதி இருந்ததில்லை. வாயைத் திறக்கும் முன்பே எதிராளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இப்போது சொல்லி முடித்துவிட்டு, அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அவனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அது பொய்யென்று இன்னாசிக்குத் தெரியும். எவ்வளவு பெரிய பொய் என்றுதான் தெரியவில்லை. நம்புவதா வேண்டாமா என்று ஆலக்குடி வரை யோசித்தான்.

"பையில இருக்குற தலையணைய பக்கத்துல வெக்கவாண்ணே?"

"வெச்சா வெக்கலாம்."

"அப்ப வலிக்குதுன்னு அர்த்தமா?"

"தலையணை வேணும்னு அர்த்தம்."

வைத்தான். அவராகக் கேட்டபோது இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான். அதற்குமேல் ஒன்றும் செய்யத் தோன்றாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சும்மா உட்கார்ந்திருப்பது, இடுப்பு வலியைவிடக் கஷ்டமான வேலையாக இருந்தது.

தஞ்சாவூரில் வண்டி நின்றபோது பதினொன்றேகால். மங்கையர்க்கரசி பெட்டி வந்து நிற்கும் இடத்தை யாரிடமோ விசாரித்து, சரியாகக் கதவுக்கு எதிரே நின்றிருந்தாள். அரக்குப் புடவை, கையில் வெள்ளைக் கோல், முகத்தில் இன்னும் முடிவு செய்யாத ஒரு கோபம். இன்னாசி நாற்காலியை விரித்து, அவரைத் தூக்கி இறக்கி உட்கார வைத்தான். நாற்காலியின் சக்கரச் சத்தம் கேட்டதும் அவள் கோலை மடக்கினாள்.

"தாயுவா?"

"வேற யாரு இவ்வளவு லேட்டா வருவா?"

அவள் கையை நீட்டித் துழாவினாள். நாற்காலியின் கைப்பிடி கிடைத்தது. அதைப் பிடித்திருந்த அவர் கை கிடைத்தது. அங்கேயே தன் கையை வைத்துக்கொண்டாள்.

"பயணம் எப்படி?"

"ஜம்முனு இருந்துச்சு."

"இடுப்பு?"

"இடுப்புன்னு ஒண்ணு இருக்குறதே தெரியல."

இன்னாசி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அரசியின் விரல்கள் அவருடைய விரல் முட்டிகளின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

"பொய் சொல்றீங்க."

"ஆமா."

"வாயைத் தொறந்ததும் பொய்."

"இதுக்காகத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்."

கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் சிரித்துவிட்டாள். "சரி. அடுத்த ஞாயிறு நான் வர்றேன். அதுக்கடுத்த ஞாயிறு நீங்க. எங்கண்ணன்கிட்ட நீங்கதான் பேசணும். அங்கயும் இப்படித்தான் பொய் சொல்லுவீங்களா?"

"இதவிட நல்லா சொல்லுவேன்."

இன்னாசி வழக்கப்படி நாற்காலியின் பின்னால் போய் நின்றான். அரசி இடுப்பால் அவனை லேசாக ஒதுக்கிவிட்டு, பிடியைத் தான் பற்றிக்கொண்டாள். "நீங்க போய் சாப்பிடுங்க தம்பி. நாங்க வெளில காபி குடிக்கிறோம். தாயு, எந்தப் பக்கம்?"

"நேரா. இன்னும் நேரா. லேசா எடது. எடதும்மா!"

நகர்ந்தார்கள். பிளாட்பாரத்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"தாயு, யாராவது நம்மள போட்டோ எடுக்குறாங்களா?"

"மூணு பேரு."

"நாளைக்குக் காலை வணக்கத்தோட வாட்ஸப்ல வரும். தன்னம்பிக்கைன்னு போட்டு."

"சிரிச்ச மாதிரி வெச்சிக்க. தூணு. தூணு. அரசி, தூணு!"

டமாரென்று சத்தம் கேட்டது. இன்னாசியின் கால்கள் அவனைக் கேட்காமலே நாலடி ஓடிவிட்டன. அப்புறம் நின்றன. அவன் உடம்பில் எங்கும் எதுவும் இல்லை. முழங்காலில் இல்லை, இடுப்பில் இல்லை. அங்கே தூணருகே தாயுமானவன் தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்திருந்தார். தோள் குலுங்கியது. அரசி குனிந்து அவர் முகத்தருகே ஏதோ கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். அது சிரிப்பா வலியா என்று இத்தனை தூரத்திலிருந்து இன்னாசியால் சொல்ல முடியவில்லை.

பிறகு நாற்காலி கொஞ்சம் பின்னால் வந்து, தூணைச் சுற்றிக்கொண்டு, வெளியே போகும் வழியில் திரும்பியது.

இன்னாசி இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பக்கத்தில் போர்ட்டர் ஒருவர் பீடிக்குத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், இங்கே நல்ல பூரி கிழங்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.